மல்கோவிடம் சொல்லாதீர்கள்

தாஷ்கண்டில் எங்கள் யூதப் பள்ளியில் மணி அடிப்பவள் நான். அலுவலகத்தில் என் மேசைக்கு வலப்பக்கம் மணிப் பொத்தான், இடப்பக்கம் தேநீர்க் கெட்டில், காலடியில் ஒரு மரப்பெட்டி. இந்த மூன்றையும் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இதற்குள் நாலு தலைமை ஆசிரியர்கள் மாறிவிட்டார்கள். இரண்டு பேர் இஸ்ரேலுக்கும் ஒருவர் நியூயார்க்குக்கும் ஒருவர் மேலுலகத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மணி மட்டும் இந்த வசந்தம் வரை ஒரு நிமிடம் பிசகியதில்லை. அந்தப் பெருமையில்தான் வந்தது வினை.

மரப்பெட்டி, கிழிந்த ஜெபப் புத்தகங்களுக்கு. இறைவன் பெயர் எழுதிய தாளை நாங்கள் குப்பையில் போடமாட்டோம். பிள்ளைகள் அதை முத்தமிட்டு என் பெட்டியில் போடுவார்கள். பெட்டி நிறைந்தால் படிக்கட்டுக்கு அடியில் மூட்டை சேரும். படிக்கட்டு அடியும் நிறைந்தால் எல்லாவற்றையும் யூத மயானத்துக்கு எடுத்துப்போய், இறந்த மனிதரை அடக்கம் செய்வது போலவே மண்ணில் அடக்கம் செய்துவிட்டு, கை கழுவிவிட்டு வருவோம். இந்த வருடம் பெசாக் பண்டிகைக்கு அடுத்த வாரம், புதன்கிழமை, அடக்கத்துக்கு நாள் குறித்தார் எங்கள் மதகுரு ரப்பி நஃப்தாலி.

மூட்டைகளை பிளாஸ்டிக் சாக்கில் கட்டிப் புதைத்தால் போதும் என்று நான் சொன்னேன். ரப்பிக்கு முப்பத்தாறு வயதுதான், ஆனால் பிடிவாதத்தில் தொண்ணூறு. மண் தாழிதான் வேண்டும் என்றார். நாலு தாழி தேடி தாஷ்கண்டின் பாதிச் சந்தையை நான் சுற்றினேன். கால் வீங்கிப்போனது.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஃப்ரேஹா அதை ஒரு பாடமாகவே ஆக்கிவிட்டாள். வீட்டில் கிழிந்த புத்தகம் இருந்தால் கொண்டு வாருங்கள், கிழிந்தது மண்ணுக்கு, முழுசாக இருப்பது அலமாரிக்கு என்று வாரம் முழுக்கப் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் வீட்டில் இருந்த புத்தகங்களை வேட்டையாடினார்கள். ஒரு பையன் டெலிபோன் டைரக்டரியோடு வந்தான்.

அந்தப் புதன்கிழமை காலை எட்டு மணி அடிக்க அரை நிமிடம். வரிசையின் கடைசியில் மல்கோ நின்றாள். மூன்றாம் வகுப்பு, ஒன்பது வயது, இரட்டைப் பின்னல், எதையும் ஆர அமரச் சொல்லும் குழந்தை. அப்பா இலியாவு முடிதிருத்துபவர், அம்மா புலோர் தையல்காரி. மல்கோவின் கையில் முதுகு பிய்ந்த கறுப்பு ஜெபப் புத்தகம் ஒன்று இருந்தது.

"பெர்த்தா அத்தை, இதுக்குள்ள பாருங்க..."

"பார்த்தாச்சும்மா. முத்தம் கொடுத்துப் பெட்டியில போடு."

"இல்ல அத்தை, இதுக்குள்ள ஒண்ணு..."

"கண்ணு, மணி அடிக்கப் போகுது. போ, ஓடு ஓடு!"

குழந்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, ஏதோ செய்து, புத்தகத்தை முத்தமிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு ஓடினாள். நான் சரியாக எட்டுக்கு மணி அடித்தேன்.

மத்தியானம் அடக்கம் நன்றாகவே நடந்தது. மயானக் காவலாளி எர்காஷ் குழி வெட்டியிருந்தார். ஆண்கள் தாழிகளை இறக்கினார்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். திரும்பி வந்ததும் பெசாக் பண்டிகையில் மீந்த, புளிக்காத மாவில் சுட்ட மாட்சா ரொட்டியை உடைத்துப்போட்டு சமையல்காரி ரோஷெல் சூப் வைத்திருந்தாள். மீந்த மாட்சா தீரும்வரை எங்கள் பள்ளியில் எல்லா உணவிலும் அது கிடக்கும். ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள், பிள்ளைகள் சாப்பிட்டுவிடுவார்கள்.

திங்கள்கிழமை காலை பத்தரைக்கு புலோர் என் அலுவலகத்துக்கு வந்தாள். வந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்று சொல்ல வேண்டும். தலைத்துணி ஒரு பக்கம், கைப்பை ஒரு பக்கம், காலில் வீட்டுச் செருப்பு.

"அக்கா, எங்க மாமனாரோட கறுப்பு ஜெபப் புத்தகம்... மல்கோ இங்க கொண்டு வந்தாளா?"

"புதன்கிழமையே வந்துச்சே. அடக்கமும் ஆயிடுச்சு. ஏன்?"

அவள் நாற்காலியில் உட்காரவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அதோட அட்டை உறைக்குள்ளதான் என் கெத்துபாவை வச்சிருந்தேன்."

கெத்துபா என்றால் கல்யாணத்தன்று கணவன் மனைவிக்கு எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம். அது மனைவியின் கையில்தான் இருக்க வேண்டும். புலோர் கல்யாணம் இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், மதச் சடங்குகளுக்குத் தடை இருந்த சோவியத் காலத்தில், சமர்கண்டில் ஒரு வீட்டில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நடந்தது. அந்தக் காலத்தில் இதையெல்லாம் ஒளித்துத்தான் வைப்பார்கள். புலோர் ஒளித்து வைத்தாள், பிறகு காலம் மாறியும் எடுக்கவில்லை. நானும்தான் மாவுப் பாத்திரத்தில் என் அம்மாவின் மோதிரத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

"யாஃபாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கோமே" என்றாள். யாஃபா அவள் மூத்த மகள், இஸ்ரேலில் ராம்லா ஊரில் செவிலியாக இருக்கிறாள். "அங்க ரப்பிமார் அலுவலகத்துல அப்பா அம்மாவோட கெத்துபா அசலைக் கேக்குறாங்க. அது இருந்தாத்தான் பொண்ணைக் கல்யாணத்துக்குப் பதிவு பண்ணுவாங்களாம். வர்ற ஞாயித்துக்கிழமை என் நாத்தனார் புருஷன் பிளேன் ஏறுறாரு, அவர்கிட்ட கொடுத்துவிடலாம்னு நேத்து ராத்திரி தேடுனா, புத்தகமே இல்ல. மல்கோதான் சொன்னா, 'அது கிழிஞ்சிருந்துச்சு, நாங்க மரியாதையா அடக்கம் பண்ணிட்டோம்மா'ன்னு. என்னா சந்தோஷமா சொன்னா தெரியுமா?"

"நீ என்ன சொன்னே?"

"நல்லதுடி செல்லம்னேன். பாத்ரூம்ல போய் அழுதேன்."

நான் ரப்பியைக் கூப்பிட்டேன். அவர் பதினோரு வருடத்துக்கு முன்னால் அர்ஜென்டினாவிலிருந்து வந்தவர். கவலை வந்தால் அவருடைய ரஷ்ய மொழி தடுக்கும். அன்று ரொம்பவே தடுக்கியது. எழுதியவர் யார், சாட்சிகள் யார் என்று கேட்டார். எழுதியவர் இறந்துவிட்டார், சாட்சிகளில் ஒருவர் நியூயார்க்கில் அடக்கம், இன்னொருவர் இதே தாஷ்கண்டில் அடக்கம்.

"வேற வழி இருக்கு" என்றார் ரப்பி. "ஜெப ஆலயத்துல சாட்சி கூட்டணும், கடுதாசி போகணும், அவங்க விசாரிக்கணும். ஆறு மாசம் ஆகும்."

"கல்யாணத்துக்கு ஏழு வாரம்தான் இருக்கு ரப்பி. மண்டபம் பேசியாச்சு."

"அப்ப தோண்டணும்."

"தோண்டலாமா?"

"புத்தகத்தைத் திரும்பத் தாழியில வச்சு மரியாதையா மூடிடணும். தேவைக்குத் தோண்டுறது தப்பில்ல." பிறகு தாடியை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "இன்னொண்ணும் இருக்கு புலோர். கெத்துபா தொலைஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா, கிடைக்கிற வரைக்கும், இல்ல வேற எழுதுற வரைக்கும், புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வீட்டுல தங்கக்கூடாது."

புலோர் அழுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறமா?"

"ஆமா."

இதைக் கேள்விப்பட்ட இலியாவு கடையைப் பாதி முடிவெட்டில் விட்டுவிட்டு வந்தார். கையில் சீப்பு இருந்தது. சாயங்காலத்துக்குள் புதிது ஒன்று எழுதித் தருகிறேன் என்று ரப்பி சொல்லியும் மனிதர் மசியவில்லை.

"புதுசுல கையெழுத்து போட்டா, பழசு போச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. ராம்லாவுல புதுத் தேதியைப் பார்த்துட்டு, இவங்க எப்பய்யா கல்யாணம் பண்ணாங்கன்னு கேப்பான். பழசு கிடைக்கும். அதுவரைக்கும் நான் என் தம்பி வீட்டுல படுத்துக்கிறேன்."

"உன் தம்பி பொண்டாட்டி சமையலையா சாப்பிடப் போறே?" என்று கேட்டேன்.

"கடவுள் துணை இருப்பாரு அக்கா" என்றார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "ஒண்ணு மட்டும் எல்லாரும் கேட்டுக்குங்க. மல்கோகிட்ட யாரும் சொல்லாதீங்க. அக்கா கல்யாணம் தன்னாலதான் நிக்குதுன்னு தெரிஞ்சா குழந்தை உடைஞ்சு போயிடுவா."

எல்லோரும் தலையாட்டினார்கள். புலோர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு அக்கா" என்றாள்.

என் மனசின் லட்சணம் எனக்குத்தான் தெரியும். "இதுக்குள்ள ஒண்ணு" என்று அந்தக் குழந்தை சொன்னது என் காதிலேயே நின்றது. அவள் உறைக்குள் எதையோ பார்த்திருக்கிறாள், சொல்ல வந்திருக்கிறாள், நான் துரத்திவிட்டேன். அவளிடம் யாராவது விசாரித்தால் முதல் வார்த்தையிலேயே என் குட்டு வெளிப்பட்டுவிடும். குழந்தையைக் காப்பாற்றுகிற மாதிரி நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். இதை அன்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

திங்கள் மத்தியானம் மழை பிடித்தது. எர்காஷுக்குப் போன் செய்தேன்.

"இந்த மழையில தோண்டவே முடியாது பெர்த்தாக்கா. குழி சுவர் சரிஞ்சு பக்கத்துல படுத்திருக்கிறவங்க மேல விழும். அவங்க என்னைத்தான் திட்டுவாங்க."

"செத்தவங்க எங்கய்யா திட்டுறாங்க?"

"உங்க ஆளுங்க திட்டுவாங்க" என்றார்.

செவ்வாயும் பெய்தது. புதனும் பெய்தது. நான் ராத்திரி படுக்கையில் கிடந்து தாழிக்குள் தண்ணீர் இறங்குவதாகக் கற்பனை செய்தேன். பிளாஸ்டிக் சாக்கு என்று நான் சொன்னது நினைவுக்கு வந்து, ரப்பியின் பிடிவாதத்தை வாழ்க்கையில் முதல்முறையாக வாழ்த்தினேன்.

இதற்குள் பள்ளி முழுக்க விஷயம் பரவிவிட்டது. எங்கள் பள்ளியில் ரகசியம் என்றால் எல்லோருக்கும் தெரியும், சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியாது. ஆசிரியர் அறையில் சொன்னால் சமையலறையில் கேட்கும், சமையலறையில் சொன்னால் வாசலில் நிற்கும் பெற்றோருக்குக் கேட்கும். ஒவ்வொருவரும் பேச்சை முடிக்கும்போது "மல்கோகிட்ட சொல்லாதீங்க" என்று சேர்த்துக்கொண்டார்கள். அவள் வராந்தாவில் வந்தால் பேச்சு நின்றுவிடும். பாவம் குழந்தை என்று ஆளாளுக்கு ஏதாவது கொடுத்தார்கள். ஃப்ரேஹா இரண்டு மிட்டாய் கொடுத்தாள். ரோஷெல் சூப்பில் மாட்சா போடாமல் தனிக் கிண்ணம் வைத்தாள். நான் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் ஒரு கைப்பிடி கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, சாப்பிடாமல் பையில் போட்டுக்கொண்டாள்.

காலை ஜெபத்தில் மல்கோ எப்போதும் முதல் வரிசை. முதல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொந்த ஜெபப் புத்தகம் கொடுக்கும் விழாவுக்காக புலோர் தைத்த வெல்வெட் உறை அவள் புத்தகத்தில் இருந்தது. பழைய ஜரிகை அங்கியை வெட்டித் தைத்தது, உள்பக்கம் சின்னப் பையும் உண்டு. அந்த மூன்று நாளும் அவள் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் முடித்த பிறகும் நின்று ஜெபித்தாள். நான் கதவோரம் நின்று பார்ப்பேன், பார்க்க முடியாமல் போய்விடுவேன்.

வியாழக்கிழமை வெயில் வந்தது. பத்து மணிக்கு மயானத்தில் கூடினோம். ஆறேழு பேரை எதிர்பார்த்தேன், முப்பது பேர் வந்திருந்தார்கள். அப்பாக்கள் கடையை மூடிவிட்டு மண்வெட்டியோடு வந்தார்கள். ரோஷெல் சபாத் ஓய்வுநாள் விருந்துக்கு விரிக்கும் வெள்ளை மேசைவிரிப்புகள் நாலைக் கொண்டுவந்தாள், தாள்களைத் தரையில் வைக்கக்கூடாது என்று. என் மணியை அன்று உடற்பயிற்சி ஆசிரியரிடம் ஒப்படைத்திருந்தேன். பத்தொன்பது வருடத்தில் முதல்முறை.

மண் களியாக இருந்தது. எர்காஷும் இலியாவுவும் குழிக்குள் இறங்கினார்கள். புலோர் மேலே விளிம்பில் நின்றாள். மூன்று நாள் பிரிந்திருந்த கணவன் மனைவி இப்படித்தான் சந்தித்துக்கொண்டார்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் புலோர்.

"என் தம்பி பொண்டாட்டி பிலாவ் சோறு பண்ணியிருந்தா" என்று குழிக்குள்ளிருந்து பதில் வந்தது. "அதையும் இதுலயே அடக்கம் பண்ணிடலாம்."

முப்பது பேரும் சிரித்தோம். புலோரும் சிரித்தாள்.

முதல் தாழி மேலே வந்தது. மெழுகு வைத்து மூடிய வாய் அப்படியே இருந்தது, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. ரப்பி என்னைப் பார்த்தார். நல்லவேளை, ஒன்றும் சொல்லவில்லை. மேசைவிரிப்பில் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வைத்தோம். அதில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது தாழியில் பாதி எடுத்ததும் ஃப்ரேஹா கத்தினாள்.

"இதோ! கறுப்பு, முதுகு பிஞ்சது!"

புலோர் அதைப் பிடுங்கிக்கொண்டாள். பின்னட்டை உறைக்குள் இரண்டு விரலை விட்டாள். முன்னட்டைக்குள் விட்டாள். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அதன் பிறகு தலைகீழாகப் பிடித்து உதறினாள். காய்ந்த துளசி மாதிரி ஏதோ ஒரு இலைத் துணுக்கு விழுந்தது. வேறொன்றும் விழவில்லை.

"உள்ள இல்ல" என்றாள்.

"தாழிக்குள்ள விழுந்திருக்கும்" என்றார் ரப்பி. அந்தத் தாழியை முழுதாகக் காலி செய்தோம். நாலாவதையும் எடுத்தோம். ஒவ்வொரு தாளாகப் பார்த்து முடிக்கப் பன்னிரண்டரை ஆயிற்று. இலியாவு குழியை விட்டு ஏறி, மண் தள்ளும் வண்டியில் உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கிடைக்காது என்று அவர் நம்பியது அந்த நேரத்தில்தான்.

பள்ளிக்குத் திரும்பினோம். முட்டிவரை சேறு. புலோர் கறுப்புப் புத்தகத்தை ரப்பியிடம் திரும்பக் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். இதுக்குள்ள ஒண்ணு, இதுக்குள்ள ஒண்ணு என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வழியில் எங்கோ விழுந்திருக்க வேண்டும், என் பெட்டியிலோ படிக்கட்டு அடியிலோ. நான் துரத்தாமல் இருந்திருந்தால் அந்தத் தாள் அன்றே என் மேசைக்கு வந்திருக்கும்.

முற்றத்தில் நுழைந்தோம். சாப்பாட்டு நேரம். சாப்பாட்டுக் கூடத்தின் ஜன்னலில் தலைகள் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் மல்கோ தனியாக வெளியே வந்தாள். ஒரு கையில் சூப் கரண்டி. அம்மாவின் சேற்றையும் அப்பாவின் சேற்றையும் பார்த்தாள். எங்கள் பிள்ளைகளுக்கு மயானச் சேறு எது என்று தெரியும்.

"யார் செத்துட்டாங்க?"

"யாரும் சாகலடி" என்றாள் புலோர். "நீ போய் சாப்பிடு."

மல்கோ நகரவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "நீங்க இனிமே வீட்டுக்கு வரவே மாட்டீங்களாப்பா?"

இலியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு அப்படிச் சொன்னாங்க?"

"யாரும் எதுவும் சொல்லல. அதான்." அப்போதும் தன் வழக்கப்படி ஆர அமரச் சொன்னாள். "மூணு நாளா சித்தப்பா வீட்டுல தூங்குறீங்க. அம்மா பாத்ரூம்ல அழுறாங்க. நான் வந்தா எல்லாரும் பேச்சை நிறுத்துறாங்க. எல்லாரும் எனக்கு மிட்டாய் கொடுக்குறாங்க. எங்க வகுப்பு தீமாவோட அப்பா அம்மா பிரிஞ்சப்பவும் அவனுக்கு எல்லாரும் மிட்டாய்தான் கொடுத்தாங்க."

சட்டைப் பையைக் கவிழ்த்தாள். மிட்டாய், ஆப்ரிகாட், கடலை, எல்லாம் தரையில் விழுந்தன. ஒன்றைக்கூட அவள் தின்றிருக்கவில்லை.

முற்றத்தில் முப்பது பேர் நின்றோம். அந்தக் குழந்தை மூன்று ராத்திரி தனியாக என்ன நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சேற்றுப் பாவாடையோடு அவள் முன்னால் மண்டியிட்டேன்.

"மல்கோ, தப்பு என்னோடது. உன் அப்பா எங்கயும் போகல. நீ அன்னிக்குக் கொண்டு வந்தியே கறுப்புப் புத்தகம், அதுக்குள்ள உங்க அம்மாவோட கல்யாணத் தாள் இருந்துச்சு. அது தொலைஞ்சுபோச்சு. அது கிடைக்கிற வரைக்கும் அப்பா வேற வீட்டுல தங்கணும்னு சட்டம், அவ்வளவுதான். அதைத் தேடித்தான் தோண்டுனோம். நீ அன்னிக்கு என்கிட்ட ஏதோ சொல்ல வந்தே. நான் கேக்கல."

குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். புருவத்தைச் சுளித்தாள்.

"மாதுளம்பழம் வரைஞ்ச தாளா?"

புலோர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சுத்தி மாதுளம்பழமும் குருவியும் வரைஞ்சிருக்குமே, அதுவா? அது கிழியலையே!" என்றாள் மல்கோ. "கிழிஞ்சதுதான் மண்ணுக்குன்னு டீச்சர் சொன்னாங்க. முழுசா இருக்கிறது அலமாரிக்கு. எந்த அலமாரின்னு பெர்த்தா அத்தைகிட்ட கேக்கப் போனேன். மணி அடிக்கப் போகுதுன்னாங்க. அதனால நானே எடுத்து வச்சுக்கிட்டேன். யாராவது கேப்பாங்கன்னு நினைச்சேன். யாருமே கேக்கல."

சொல்லிவிட்டு மாடிப்படியில் ஓடினாள். எண்ணி ஒரு நிமிடம் இருக்கும். முப்பது ஜோடிக் கண்களும் என் முதுகில் இருந்தன. நான் மண்டியிட்ட இடத்திலிருந்து எழவில்லை. மல்கோ வெல்வெட் உறை போட்ட தன் ஜெபப் புத்தகத்தோடு இறங்கி வந்தாள். உறையின் உள்பையில் இரண்டு விரலை விட்டு, எட்டாக மடித்த பழுப்புத் தாளை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். மூன்று நாளும் காலையில் கதவோரம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

புலோர் விரிக்கவில்லை. அவள் கை சேறாக இருந்தது. ரப்பி கைக்குட்டையால் விரலைத் துடைத்துவிட்டு வாங்கி விரித்தார். ஊரையும் தேதியையும் பார்த்தார். இலியாவு பெயர், புலோர் பெயர், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. ஒரு எழுத்துகூட மங்கவில்லை.

"இதேதான்" என்றார். அவருடைய ரஷ்ய மொழி தடுக்கவே இல்லை.

அப்புறம் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஃப்ரேஹா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரோஷெல் சூப் அடிப்பிடிக்கிறது என்று உள்ளே ஓடினாள், ஓடும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள். என் நெஞ்சில் நாலு நாளாகக் கிடந்த பாறாங்கல் இறங்கி, எனக்குப் பசித்தது. அந்தப் பசியே சந்தோஷமாக இருந்தது. இலியாவு மகளைத் தூக்கி, சேற்றை அவள் சீருடை முழுக்கப் பூசிவிட்டார்.

"புலோர், வெந்நீர் போடு, நான் வீட்டுக்கு வர்றேன்" என்றார்.

"முதல்ல நாலு தாழியையும் திரும்ப அடக்கம் பண்ணிட்டு வாங்க" என்றாள் புலோர்.

நான் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டேன். எல்லோரும் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புலோர் மட்டும் கிட்டே வந்தாள்.

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா அக்கா? அவ ஏதோ சொல்ல வந்தான்னு?"

"தெரியும். பயந்துட்டேன்."

"நானும்தான் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நல்லதுடி செல்லம்னு சொல்லிட்டுப் போயிட்டேன்" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை.

அப்பாவின் தோளில் இருந்த மல்கோ ரப்பியின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"ரப்பி, அதுல என்னதான் எழுதியிருக்கு?"

"நம்ம பழைய மொழியில எழுதியிருக்கு. உங்கப்பா உங்கம்மாவுக்குச் சோறு போடுவாரு, துணி எடுத்துக் கொடுப்பாரு, மரியாதையா வச்சுக்குவாரு, எப்பவும் பார்த்துக்குவாருன்னு எழுதியிருக்கு."

"சித்தப்பா வீட்டுல தூங்குவாருன்னு எழுதியிருக்கா?"

ரப்பி தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாக ஒருமுறை படித்தார். நிஜமாகவே ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இல்லம்மா" என்றார். "எங்கயுமே எழுதல."

"சரி" என்றாள் மல்கோ. தரையில் கிடந்த மிட்டாயைக் காட்டி, இறங்க வேண்டும் என்று காலை உதைத்தாள். அவள் பொறுக்கி முடிக்கும்வரை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் வந்து பங்கு கேட்டுத் தின்று முடிக்கும்வரை, நான் மணிப் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பொத்தானுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று பிற்பகல் மணி பதினேழு நிமிடம் தாமதமாக அடித்தது.